முத்துப்பேட்டைத் தண்ணீரை விடியலுக்கு முன் எடுங்கள்

பாக் விரிகுடாவின் கடல்சூழல் ஆய்வுகளை நடத்தும் அறிவியலாளர்களுக்கும் அவற்றுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

முத்துப்பேட்டை லகூனில், அதாவது எங்கள் கடலோரக் காயலில், மடவையும் கெளுத்தியும் செத்து மிதந்த செய்தி உங்களுக்குத் தெரியும். ஆள் அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. வந்தவர்கள் வெயில் ஏறிய பிறகு படகேறினார்கள். ஓரமாகக் குனிந்து மேல்தண்ணீரை மினரல் வாட்டர் பாட்டிலில் மொண்டுகொண்டு ஜீப்பில் கிளம்பினார்கள். கரைந்த ஆக்சிஜன் இயல்பான அளவில் இருப்பதாக அறிக்கை வந்தது. அறிக்கையில் பொய் இல்லை. அந்த நேரத்தில், அந்த ஆழத்தில், அந்தப் பாட்டிலில் எடுத்தால் அப்படித்தான் வரும்.

மீன் சாவது விடியலுக்குச் சற்று முன்பு. பகலில் நுண்பாசி ஆக்சிஜனை விடுகிறது. இருட்டியதும் விடுவது நிற்கிறது, மூச்சு மட்டும் நிற்பதில்லை. அலையாத்தி இலை மக்கிய சேறும் இரவு முழுக்க ஆக்சிஜனை இழுக்கிறது. காற்றும் விழுந்துவிட்டால் மேலிருந்து கலப்பது குறைந்து, நாலு, ஐந்து மணிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடும். மீன் அதைத் தாங்காது. சூரியன் வந்ததும் அளவு ஏறத் தொடங்கும். உங்கள் பாட்டில் வரும்போது தண்ணீர் தேறிவிட்டது, மீன்தான் தேறவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். கடலளவு உப்பு ஏறிய நீர் 6.2 அளவுக்குத்தான். அப்படிப்பட்ட உப்புநீரில் நண்பகலில் 8 என்று வந்தால், அது நல்ல தண்ணீருக்குச் சான்று இல்லை. பாசி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது, இரவில் அதே வேகத்தில் இறங்கும் என்ற எச்சரிக்கை. அதைத்தான் "திருப்திகரம்" என்று எழுதுகிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மாதம் ஒரு முறையாவது, பன்னிரண்டு மாதமும், விடியலுக்கு முன், மேல்தண்ணீரோடு அடித்தண்ணீரும் எடுக்க வேண்டும். கோரையாறு வந்து விழும் இடம், லகூனின் நடு, முகத்துவாரம் என மூன்று இடம் போதும். ஒவ்வொரு முறையும் அதே மூன்று இடம்.

அடித்தண்ணீர் ஏன் என்றால், மழைக்காலத்தில் ஆற்றுநீர் எடை குறைவானதால் மேலே பரவும், உப்புநீர் அடியில் தங்கும். இரண்டும் சட்டென்று கலக்காது. மேலே மொண்டால் ஆற்றை அளக்கிறோம், சாவு அடியில் நடக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் பெரிய நீர்மாதிரிக் குழாயை இறக்க முடியாது. இறக்கினால் சேற்றில் குத்தும். ஒரு மூங்கிலில் ரப்பர் குழாயைக் கட்டி, அதன் வாய் சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி இறக்கி, மெதுவாக உறிஞ்சி எடுங்கள். என்ஜினைத் தூக்கிவிடுங்கள். கழி ஊன்றிய பக்கம் எடுக்காதீர்கள். கிளறிய சேறு கணக்கைக் கெடுக்கும்.

குழாயின் நுனி 125 மில்லி கண்ணாடிப் புட்டியின் அடியைத் தொட வேண்டும். நிரம்பிய பிறகும் இரண்டு, மூன்று புட்டி அளவு வழிந்தோடட்டும். பிறகு அங்கேயே, படகிலேயே, ஆக்சிஜனைப் பிடித்துவைக்க, பிப்பெட் நுனியை நீருக்குள் வைத்து மாங்கனஸ் சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு 1 மில்லி விடுங்கள். குமிழி இல்லாமல் மூடித் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்தால் படிவு இறங்கும். பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. இவ்வளவு தெரிய ஆய்வகம்கூட வேண்டாம், படகுக்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார். அமிலம் ஊற்றித் தயோசல்பேட்டால் அளப்பதை இருட்டில் வைத்துக் கொண்டுபோய் அன்றைக்கே முடிக்கலாம். இது எதுவும் செய்யாமல் அரைப்புட்டி காற்றோடு சென்னை வரை குலுங்கிப் போன தண்ணீர் எங்கள் லகூனைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உப்புமானியைக் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கிய குடிநீரில் அல்ல. நீரின் தெளிவை அளக்க இறக்கும் செக்கி வட்டு தரையைத் தொட்ட பின்னும் தெரிந்தால் "தரை தெரிந்தது" என்று எழுதுங்கள், ஆழத்தைத் தெளிவு என்று எழுதாதீர்கள்.

பன்னிரண்டு மாதம் என்பதை அழுத்திக் கேட்கக் காரணம் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனியில் உங்கள் வருகை தவறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒருவரையும் காணோம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். வயலில் போட்ட யூரியாவின் மிச்சமும் வடிகால் தண்ணீரும் பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு வழியாகக் கடைமடைக்கு வருவது அந்தக் காலத்தில்தான். வாடைக்காற்றில் கடலோட்டம் வங்கக்கடலிலிருந்து விரிகுடாவுக்குள் திரும்புவதும் அப்போதுதான். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியதும் இதே பருவத்தில்தான். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாத நாளில் மட்டும் வந்து பார்க்கும் வைத்தியரை என்ன சொல்வது?

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, காப்பகமாக அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆவுளியா தின்பது கடற்புல், கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். கலங்கல் அந்தப் புல்வெளி வரை எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டியதும் நீங்கள் வராத மாதங்களில்தான். சுவரில் ஆவுளியா படம் வரைய ஆள் கிடைக்கிறது, கருத்தரங்குக்குப் பேனர் கிடைக்கிறது, கார்த்திகையில் ஒரு புட்டி தண்ணீர் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. எடுத்த அளவும் ஆங்கிலக் கட்டுரையாகி, டாலர் கட்டினால்தான் திறக்கிறது. வழிகாட்டிய படகுக்காரர் பெயர் அதில் நன்றிப் பட்டியலில்கூட இருக்காது. வாடகை பேசும்போது மட்டும் அவரிடம் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம்.

சொல்ல வந்ததைவிட அதிகம் சொல்லிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய கப்பலோ புதிய கட்டடமோ அல்ல. விடியலுக்கு முன், அடித்தண்ணீர், பன்னிரண்டு மாதமும். எடுத்த அளவை, தேதியும் மணியும் சேர்த்து, தமிழில் மீன் இறங்குதளத்துப் பலகையில் எழுதிவையுங்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய நாளில் எந்த வாய்க்காலில் வலை போடலாம் என்று மீனவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.

வரும் ஐப்பசியிலேயே தொடங்க முடிந்தால் நல்லது. முதல் நாள் இரவே வந்து தங்கினால், மூன்றரை மணிக்குப் படகை எடுத்து மூன்று இடத்தையும் ஆறுக்குள் முடித்துவிடலாம். புட்டிகளும் மருந்தும் நீங்கள் கொண்டுவாருங்கள். மூங்கிலும் குழாயும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரையோரத்தார்