நமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இதை வாட்ஸ்அப்பில் மட்டும் படிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. பாரதி பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைத்தோம். வாசிப்பறையில் ஒழுகிய கூரை சரிசெய்யப்பட்டது.

இனி 'ஆரியர்' வரிசைக் கூட்டங்கள். தலைப்பு என் பிடிவாதம்தான் என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. ஆமாம், என் பிடிவாதம்தான். எந்தக் கூட்டம் முடிந்து டீ குடிக்க நின்றாலும் பேச்சு அங்கேதான் போய் முட்டுகிறது, ஒருவரும் மூலத்தைப் படித்ததில்லை, அதனால் உட்கார்ந்து படிப்போம் என்றேன்.

முதல் கூட்டத்தில் ஈரானிலிருந்து ஆரம்பித்தோம். நக்ஷ்-இ-ருஸ்தம் கல்லறைக் கல்வெட்டில் மன்னன் தாரியஸ் தன்னைப் பாரசீகன், பாரசீகனின் மகன், ஆரியன், ஆரிய வழியினன் என்று சொல்லிக்கொள்கிறான். ஈரான் என்ற பெயரும் அதே வேரில் வந்ததுதான். அடுத்து வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர். இந்தச் சொல்லை ஐரோப்பாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் அவர். அவரே 1888இல், ஆரியர் என்று நான் சொல்வது மொழியைத்தான், ரத்தத்தையோ எலும்பையோ மண்டையோட்டையோ அல்ல என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுதினார். கேட்கத்தான் ஆளில்லை. பஞ்சாபிலிருந்து போய் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த், தான் ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடிக் குடியுரிமை கேட்டபோது, 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதன் பார்வையில் நீர் வெள்ளையர் இல்லை என்று அனுப்பிவிட்டது. அதுவரை கூட்டம் நன்றாகவே வந்தது.

சங்கப் பாடல்களுக்கு வந்தபோதுதான் வினை. ஆரியப் படையை வென்றதால் 'ஆரியப்படை கடந்த' என்ற அடைமொழி பெற்ற பாண்டியன் நெடுஞ்செழியனைச் சொன்னதும் ஒரு பக்கம் கைதட்டல். குறுந்தொகை 7ஆம் பாட்டில், வாகை நெற்று காற்றில் ஒலிப்பதற்குக் கயிற்றின்மேல் ஆடும் ஆரியரின் பறையோசை உவமையாக வருகிறது என்றதும், எங்களைக் கழைக்கூத்தாடி என்கிறீர்களா என்று ஒருவர் எழுந்தார். (அவரை யார் சொன்னது?) குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது என்று பழங்குறிப்பு இருக்கிறதே என்றதும், வெள்ளையடிக்கிறீர் என்று இன்னொருவர் எழுந்தார். நூலில் இருப்பதைத்தான் படித்தேன். இருவரும் அன்றோடு சரி, வரவில்லை. சந்தாவும் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் நல்ல ஒற்றுமை.

மரபணுக் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். 2019 செப்டம்பரில் வந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே படித்தோம். ஹரியானாவில் உள்ள சிந்து நாகரிக ஊரான ராக்கிகடியில் கிடைத்த எலும்புக்கூட்டுப் பெண்ணிடம், ஐரோப்பா-ஆசியப் புல்வெளி (ஸ்டெப்பி) மக்களின் மரபுக்கூறு இல்லை என்றது ஒன்று. கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் அம்மக்கள் இந்தப் பக்கம் வந்து கலந்தார்கள் என்றது மற்றொன்று. சிந்து நகரங்கள் தழைத்திருந்த காலத்துக்குப் பின் வந்தார்கள் என்று வைத்தால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் 'ஆரியர் வரவே இல்லை' என்று ஒரு செய்தித் துணுக்கும் 'படையெடுப்பு உறுதியானது' என்று இன்னொன்றும் ஓடின. கூட்டத்துக்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன. கூரைச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டதால் கையிருப்பு சொல்லும்படி இல்லை. விவரம் பொருளாளரிடம் உள்ளது. பாக்கி வைத்தவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை, பட்டியல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், நாற்காலி கொடுத்தவர், டீ தந்த கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சூத்திரர் யார் என்று அம்பேத்கர் 1946இல் எழுதிய நூலைப் படிக்கலாம் என்றிருக்கிறேன். ஆரிய இனம் என்ற கோட்பாட்டையே அவர் ஏற்கவில்லை, வேதங்களின் புனிதத்தையும் ஏற்கவில்லை, எனவே இந்த முறை இரு தரப்பும் ஒரே கூட்டத்தில் கோபித்துக்கொள்ள வசதி. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். ஏற்க மனமில்லாதவர்கள், போகும்போது வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார், ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.