டியெங் மலை வழியில் வண்டி தள்ளிய அண்ணனுக்கு நன்றி

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் வோனோசோபோவிலிருந்து டியெங் மேட்டுக்கு ஏறும்போது என் வாடகை ஸ்கூட்டர் பஞ்சராகி நின்றது. உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, மண்வெட்டி ஒரு தோளில் கிடக்க, அடுத்த கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடை வரை கூடவே வந்த அண்ணனுக்கு ரொம்ப நன்றி. ட்யூப் ஒட்டி முடிவதற்குள் சர்க்கரை தூக்கலான டீ, மாவு மொறுமொறுக்கும் சூடான தெம்பே (புளிக்கவைத்த சோயா வில்லை), எல்லாம் அவர் செலவு! அப்புறம் இங்கே ஒரு துண்டு நிலம் வாங்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். இந்த நாட்டின் 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் பெயருக்கு முழு உரிமைப் பட்டா கிடையாது, உள்ளூர் ஆள் பெயரில் வாங்கித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் நம்பாதே என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். எந்தத் தரகர் இதைச் சொல்வார்? ஜூலை, ஆகஸ்டில் விழும் உறைபனி இந்த வருடம் அவர் வயலைக் கருக்காமல் விடட்டும்.