பலகைக்குக் கீழே இருக்கும் இரண்டு அங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கான்கிரீட் போர்ட்டிகோவின் மேல் மரத்தளம் போடுவது பற்றி உங்கள் வீட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் அருமை, எண்ணெய் பூசின பலகைகள் பளபளவென்று மின்னுகின்றன. ஆனால் கட்டுரையில் முக்கால்வாசி எந்த மரம், என்ன நிறம் என்பதிலேயே போய்விட்டது. பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வரி: சட்டம் அடித்து அதன் மேல் பலகையைப் பொருத்தவும், அவ்வளவுதான். இதே மாதிரி ஒரு வரியை நம்பி வேலையில் இறங்கி, இரண்டு மழைக்காலம் முடிந்ததும் மொத்தத்தையும் பெயர்த்துப் போட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தப்பு ரீப்பரை, அதாவது பலகையைத் தாங்க அடியில் போடும் மரச்சட்டத்தை, வைத்த திசை. கான்கிரீட் தளம் சமமாக இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒழுங்காகப் போட்ட தளத்துக்குத் தண்ணீர் வீட்டை விட்டு வெளியே போகிற மாதிரி ஒரு வாட்டம், அதாவது சரிவு, இருக்கும், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. ரீப்பர் அந்த வாட்டத்தோடு ஓட வேண்டும், பலகைதான் குறுக்கே வர வேண்டும். நான் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பலகையை வாசலிலிருந்து வெளியே ஓடவிட்டேன், ரீப்பர் குறுக்கே விழுந்தது. வயலுக்கு வரப்பு கட்டின மாதிரி ஒவ்வொரு ரீப்பருக்குப் பின்னாலும் தண்ணீர் தேங்கிவிட்டது. மேலே வெயில், கீழே ஈரம். பலகையின் அடிப்பக்கம் ஊதி, மேல்பக்கம் சுருங்கி, ஓரங்கள் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பலகையும் வாய்க்கால் மாதிரி குழிந்துவிட்டது. மட்டமான மரம் என்று தச்சரைத் திட்டினேன், பாவம் அவர்.

பெயர்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ரீப்பர் நேராகக் கான்கிரீட்டில் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் மக்கிப்போயிருந்தது, கெட்டி ரப்பர் துண்டு வைத்துக் கொஞ்சம் தூக்கியிருந்த இரண்டு இடம் மட்டும் புதிது போல இருந்தது. இரண்டாவது முறை எல்லா இடத்திலும் ரப்பர், பிளாஸ்டிக் துண்டுகளையே வைத்தேன். ரசமட்டம் பார்த்து ஏற்றி இறக்க மரச்செதில் செருகுவது வழக்கம், ஆனால் முதலில் அழுகுவது அதுதான். 20 மில்லிமீட்டர் பலகை என்றால் ரீப்பருக்கு ரீப்பர் இடைவெளி 45 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, போனால் நடக்கும்போது துள்ளும். நாலு பக்கமும் பலகை அடித்து மூடிவிடவும் கூடாது. காற்று உள்ளே போய் வெளியே வர வழி வேண்டும், கரையான் மண் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்கவும் வழி வேண்டும். தண்ணீர் போகும் குழாய் வாய் தளத்தில் இருந்தால் அதன் மேல் வரும் பலகைகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்கள், இலைதழை அடைக்காமல் இருக்கப்போவதில்லை.

கட்டுரை தொடவே தொடாத விஷயம் உயரம். 50 மில்லிமீட்டர் ரீப்பர், 20 மில்லிமீட்டர் பலகை என்று வைத்தாலே 7 சென்டிமீட்டர் தளம் ஏறிவிடும். கதவு வெளியே திறக்கிறதா? நிலைப்படிக்குக் கீழே தளம் நிற்குமா? நிற்கவில்லையென்றால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள்தான். சுவரில் ஓதம் ஏறாமல் இருக்க வைத்திருக்கும் தடுப்பையும் தாண்டி மேலே போகக்கூடாது. அப்புறம் படிகள். எல்லாப் படியும் 15 சென்டிமீட்டர் இருக்க, கடைசிப் படி மட்டும் 22 ஆனால் கால் தட்டும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. கைப்பிடிச் சுவரும் அதே 7 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். முதலில் இதையெல்லாம் அளந்து பார்த்து, இடம் போதாது என்றால் மரத்தளம் வேண்டாம் என்று விட்டுவிடுவதே மேல்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்கு என்று பெயர் சொல்லி வாங்கினால் போதாது, வைரம் பாய்ந்த பகுதியா என்று பார்க்க வேண்டும். வைரத்தைச் சுற்றி இருக்கும் வெளிறிய பகுதி எந்த உயர்ந்த மரத்திலும் சீக்கிரம் உளுத்துப்போகும். அகலமான பலகை அழகுதான், ஆனால் மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும், அதனால் 14 சென்டிமீட்டர் பலகையை விட 9 சென்டிமீட்டர் பலகை நிம்மதி. நன்றாகக் காய்ந்த பலகைக்கு நடுவில் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அறுத்த முனைகளுக்கு மாட்டுவதற்கு முன்பே எண்ணெயோ மெழுகோ தடவ வேண்டும், தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த வெட்டு வாய்தான்.

ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா இரும்பு போட்டால் கடின மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கருநீலக் கறை பிடிக்கும், என் முதல் தளம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆனது அப்படித்தான். துளை போட்ட பிறகுதான் முடுக்க வேண்டும், இல்லையென்றால் முனை பிளந்துவிடும். போர்ட்டிகோவுக்குக் கீழே அறை இருந்தால் கான்கிரீட் தளத்தில் ட்ரில் போடவே போடாதீர்கள், ஒழுகல் தடுக்கப் பூசிய பூச்சை நாமே ஓட்டையாக்கின கதையாகும். தளத்தில் விரிசல் இருந்தாலும் அதை முதலில் பாருங்கள், மேலே மரம் போட்டு மறைத்தால் கீழே அது வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வார்னிஷ் வேண்டாம், வெளியில் உரியும். எண்ணெய் போதும். அதுவும் போடாமல் விட்டால் மரம் சாம்பல் நிறமாகும், ஆனால் அது மேல்தோல்தான், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது வேலை முடிந்த அன்று எடுத்த படத்தோடு, தளத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு கோட்டுப்படமும் போடுங்கள். இரண்டு மழைக்காலம் தாங்கின தளத்தின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
இரண்டு முறை தளம் போட்ட வாசகர்