எல்லாருக்கும் அதே கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. குடியாத்தத்தில் நாங்கள் எல்லோரும் சௌக்கியம். வெயில் மட்டும் நம் ஊர் வெயில்தான்!

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. மார்க் பார்த்து 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று பிள்ளைகளைப் பிரிப்பதைப் பத்தாம் வகுப்பில் நிறுத்திவிட்டோம்.

பல பள்ளிகளில் நடப்பது உனக்கும் தெரியும். கணக்குத் தாளில் வடிவியலும் வரைபடமும் தலா 8 மார்க், ஆக 16. ஒரு மார்க் கேள்விகள் 14. இவற்றோடு இரண்டு மார்க் கேள்வி சிலவற்றைப் பழக்கிவிட்டால் பையன் 35 வாங்கிப் பாஸாகிவிடுவான். 'மெல்ல மலரும் மாணவர்' என்று பெயர் வைத்து, அதற்கு மேல் ஒன்றும் நடத்துவதில்லை. தேர்ச்சி சதவீதம் ஏறும். அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதம் என்ற கதவே திறக்காது. பதினோராம் வகுப்பில் அறிவியல் குரூப் கேட்டு வந்தால், "உன் மார்க்குக்குக் கிடைக்காதும்மா" என்று அனுப்பிவிடுவார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பீடி சுற்றும் வீடும் உண்டு, தறி வீடும் உண்டு. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழில் பாடம் படிக்க வருகிறவர்களும் உண்டு. பாதிப் பாடத்தை ஒளித்து வைத்தால் இவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

இப்போது எல்லோருக்கும் முழுப் பாடம், ஐந்து மார்க் கணக்கு உட்பட. குறைப்பதானால் பாடத்தை அல்ல, இடைஞ்சலைக் குறைப்போம் என்பது எங்கள் தலைமையாசிரியையின் பேச்சு. கூட்டத்தில் சில பெற்றோர், "நல்லாப் படிக்கிற பிள்ளை பின்தங்கிடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நாலு பேராக உட்கார வைத்துக் கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கும்போதுதான் முதல் மார்க் வாங்குகிறவனுக்கே தனக்கு எங்கே புரியவில்லை என்று தெரிகிறது. இதை என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பார்வை மிகக் குறைந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தொடுகோடு (வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடு) பாடத்துக்கு, வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் ஓர் அட்டையில் வளையல் ஒன்றை ஒட்டி, தள்ளி ஒரு குண்டூசி குத்தி, அதிலிருந்து வளையலின் இரு பக்கமும் தொடும்படி இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினார். அவள் விரலால் தடவித் தொடும் இடத்தைக் கண்டுபிடித்தாள். மையத்திலிருந்து அங்கே ஒரு குச்சியை வைத்துப் பார்த்து, "நூலுக்கு நேரா நிமிர்ந்து நிக்குது சார்" என்றாள். அப்புறம் இரண்டு நூல்களையும் சேர்த்துப் பிடித்து, "ரெண்டும் ஒரே நீளம்" என்றாள். வெளிப்புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடுகள் சமம் என்ற தேற்றம் அது! மற்ற பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு அதே அட்டையைத் தடவிப் பார்த்தார்கள். அரசுத் தேர்வில் அவளுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் சொல்வதற்கு அவளிடம் பாடம் இருக்க வேண்டுமே.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பையனை 'சோம்பேறி' என்று சொல்லிவிட்டு நகர இனி முடியாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஆசைப்படும் தைரியம் ஒன்பது, பத்திலேயே வர வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

சரி, உன்னிடம் ஒரு வேலை வாங்க வேண்டும். பொங்கல் லீவுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கு. திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையில் பாய்லர் வேலை எப்படி நடக்கிறது, அதில் கணக்கு எங்கே வருகிறது என்று எங்கள் பிள்ளைகளிடம் பேசு. எல்லாப் பிரிவும் ஒன்றாக உட்காரும். தேதி எழுது, ஹெச்.எம்.மிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்