தர்மபுரிக்கு வேண்டியது ஃப்ளோரைடு குறைந்த தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளோரைடு என்ற தாது உப்பைக் கலப்பதை அமெரிக்கா 1945-ல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தொடங்கியது. 2025-ல் யூட்டா மாநிலம் அதற்குத் தடை போட்டது. அந்த விவாதம் அவர்களுடையது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் யாரும் கலக்காமலே பாறையிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். அளவு இன்னும் கூடி, பல வருடம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். சரி, காவிரித் தண்ணீர் வராத நாளில் மக்கள் என்ன செய்வார்கள்? பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தானே போவார்கள்! ஒவ்வொரு கிணற்றின் ஃப்ளோரைடு அளவையும் சோதித்து அங்கேயே பலகையில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து தொடங்குங்கள்.

- ஒரு வாசகர், பாலக்கோடு