வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர்: ஓ.எம்.ஆர். குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) அடுக்குமாடிக் குடியிருப்புகளின் உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு குடியிருப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசித்து வருகிறேன். இடையில் இரண்டு ஆண்டுகள் எங்கள் சங்கத்தின் பொருளாளராகவும் இருந்தேன். அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான் காவலாளி அறையில் ஆணியில் தொங்கும், தண்ணீர் லாரிகளின் வருகையைக் குறிக்கும் லாரி நோட்டை முதன்முதலாக முழுவதும் புரட்டிப் பார்த்தேன். தேதி, லாரி எண், வந்த நேரம், ஓட்டுநரின் கையெழுத்து என்று பக்கம் பக்கமாக நீளும் அந்த நோட்டில் பல லாரிகள் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் வந்திருந்தன. நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது சம்ப் என்னும் தரையடித் தொட்டி நிரம்புகிறது, விடிவதற்குள் மோட்டார் ஓடி மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறிவிடுகிறது, காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, அதில் நம் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. மாத இறுதியில் பராமரிப்புக் கட்டணத்தோடு சதுர அடிக் கணக்கில் ஒரு தொகை வரும்போது, லாரிக்காரர் விலையை ஏற்றிவிட்டார் என்று பேசிக்கொள்கிறோம்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மீட்டர் பொருத்துங்கள். லாரிச் செலவைச் சதுர அடிப்படி பிரிக்காமல், பயன்படுத்திய அளவுப்படி பிரியுங்கள்.

மின்சாரத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வருகிறார் என்பதனாலேயே, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் யாராவது ஒருவர் எழுந்து போய் நிறுத்துகிறார். அதே வீட்டில் கழிவறைத் தொட்டி மாதக்கணக்கில் ஒழுகினால் யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அந்த ஒழுகலுக்கான பணத்தை எல்லா வீடுகளும் சேர்ந்து கட்டுகின்றன. இதற்கு மக்களின் பொறுப்பின்மையைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணில் படாத செலவை யாராலும் குறைக்க முடியாது.

ஒரு நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் போதும் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கும்போது பின்பற்றப்படும் அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு அது நாளொன்றுக்கு 540 லிட்டர். அந்த அளவில் வாழ்ந்தால் 12,000 லிட்டர் லாரி ஒரு குடும்பத்துக்கு 22 நாள் வரும். நோட்டில் உள்ள லாரிகளைக் கூட்டி, குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் எவ்வளவு என்று தோராயமாகச் சேர்த்து, வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது நாங்கள் அந்த அளவை வெகுதூரம் தாண்டியிருந்தோம். உங்கள் குடியிருப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

அந்தக் கணக்குக்குப் பிறகு முதலில் எங்கள் வீட்டில்தான் தேடத் தொடங்கினேன். கழிவறைத் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே பீங்கானில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று மெல்ல இறங்கியிருந்தது. ஓசை இல்லாமல் ஒழுகியதால் எத்தனை மாதமாக ஒழுகியது என்று எங்களுக்கே தெரியவில்லை. பிளம்பர் வந்து ஒரு ரப்பர் வாஷரை மாற்றியதும் நின்றுவிட்டது. அடுத்தது குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம். அதன் கழிவுக் குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்து ஒரு குடத்துக்குள் விட்டோம். குடிக்க ஒரு குடம் நிரம்புவதற்குள் வெளியே மூன்று குடம் போயிற்று. இப்போது அந்தத் தண்ணீரில்தான் வீடு துடைக்கிறோம், கழிவறைக்கும் ஊற்றுகிறோம். உப்பு மிகுந்த தண்ணீர் என்பதால் செடிகளுக்கு மட்டும் விடுவதில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையா என்பதையே யோசிக்கலாம். அத்தகைய இடங்களில் அதைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தண்ணீரில் காற்றைக் கலந்து விடும், குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் மிக எளிய பொருள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் குழாயின் வேகத்தை அது பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும், பாத்திரம் கழுவுபவருக்கு வேறுபாடே தெரியாது. 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது பெங்களூரு குடிநீர் வாரியம் அடுக்குமாடிகளிலும் வணிக வளாகங்களிலும் இதைக் கட்டாயமாக்கியது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. பஞ்சம் வந்த பிறகு அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட இப்போதே நாமாகச் செய்துகொள்வது நல்லது அல்லவா?

இன்னொரு செலவையும் நாம் மறந்துவிடுகிறோம். பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வராத குடியிருப்புகளில் உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு லாரி என்றால், அதுவே கழிவாகி வெளியேறவும் ஒரு லாரிக்குப் பணம் கொடுக்கிறோம். சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பவர்களுக்கு அது மின்கட்டணமாகவும் ஆள் கூலியாகவும் வருகிறது. ஆகவே ஒரு வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் பணத்தை இருமுறை மிச்சப்படுத்துகிறது.

லாரித் தண்ணீர் பெரும்பாலும் புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் வருவது. ஒரு கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் பக்கத்து வயல்காரரின் கிணற்றிலும் நீர் இறங்கும். கடலோரமென்றால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக நடந்திருப்பது அதுதான். கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நெம்மேலியில் இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது, நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர் தரும் நிலையம் 2013-லும், பதினைந்து கோடி லிட்டர் தரும் இன்னொன்று 2024-லும் திறக்கப்பட்டன. ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அப்படி வரும் தண்ணீரைக் கழிவறை ஒழுகலில் விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

2019 கோடையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய, சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டுபோய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் கடந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் எங்கள் குடியிருப்பில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் மட்டுமே தண்ணீர் விட்டோம். ஷவரை மூடிவிட்டு வாளியில் குளித்தோம். அரிசி களைந்த தண்ணீர் துளசிக்குப் போயிற்று. அவ்வளவு குறைவாகச் செலவழித்தும் எங்களால் வாழ முடிந்தது. மழை வந்ததும் இரண்டே மாதத்தில் லாரி நோட்டு பழையபடி நிரம்பத் தொடங்கியது.

மீட்டர் பொருத்துவதில் உள்ள சிக்கலை நான் அறிவேன். நம் கட்டடங்களில் மேல்தொட்டியிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் இறங்குவதில்லை. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று எனத் தனித்தனி ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் செங்குத்தான இடைவெளி) வழியாக மூன்று நான்கு குழாய்கள் இறங்குகின்றன. அத்தனைக்கும் மீட்டர் வைத்து நான்கையும் கூட்ட வேண்டியிருப்பதால் செலவு கூடும் என்பது உண்மை. ஆனாலும் அது முடியாத காரியம் அன்று. உடனே முடியாவிட்டால், ஒவ்வொரு பிளாக்கின் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் பிரதானக் குழாயில் ஒரு மீட்டரை இந்த மாதமே வைத்து, வாரந்தோறும் அந்த அளவை லிஃப்ட் அருகே எழுதிப் போடலாம். எந்த பிளாக்கில் ஒழுகுகிறது என்பதையாவது அது காட்டிவிடும்.

பெரிய குடும்பங்களுக்கு அநியாயம் ஆகாதா என்று எங்கள் பொதுக்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் ஆளுக்கு 135 லிட்டர் வரை அடக்க விலை, அதற்கு மேல் போனால் மட்டும் கூடுதல் விலை என்று வையுங்கள் என்கிறேன். படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் சங்கமே விலக்கு அளிக்கட்டும். இன்றைய சதுர அடிக் கணக்கில், மூன்று படுக்கையறை வீட்டில் தனியே வாழும் ஓய்வூதியதாரத் தம்பதிதான் மற்றவர்களின் செலவைச் சுமக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த பொதுக்குழு அழைப்பிதழில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பாகக் கடந்த பன்னிரண்டு மாத லாரிக் கணக்கைப் படியெடுத்து எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுங்கள். கணக்குப் போட உதவி வேண்டும் சங்கங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உறுப்பினர், முன்னாள் பொருளாளர்,
சோழிங்கநல்லூர்