படத்துக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் 'புல்லட்' விண்மீன் மண்டலக் கொத்தின் வண்ணப் படம் வந்திருந்தது. என் பேரன் அதைக் கத்தரித்துக்கொண்டு ஓடிவந்து, "ஆயா, ஆகாசத்துல நெசமாவே இப்படி ரோஸ் கலர் இருக்குதா?" என்று கேட்டான். படத்துக்குக் கீழே 'விண்வெளியின் அழகு' என்று மட்டும்தான் போட்டிருந்தீர்கள்.

நான் தருமபுரி மாவட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் நுண்கதிர் நுட்புநராக இருந்தவள். ஊரில் எக்ஸ்ரேக்காரம்மா. டார்க் ரூமில் டெவலப்பரில் முக்கிய ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பிடித்தால், நுரையீரல் கறுக்கக் கறுக்க விலா எலும்பு தனியாகத் தெரிந்து வரும். எக்ஸ்ரேவுக்கு நம் கண்ணுக்குத் தெரியும் நிறமே கிடையாது. அந்த ரோஸ், எக்ஸ்ரே வந்த இடத்தைக் காட்டப் பூசியது. நீலம், எந்த ஒளியிலும் தெரியாத, ஈர்ப்பை வைத்து மட்டும் கண்டுபிடித்த கரும்பொருள் இருக்கும் இடம்.

நாங்கள் குழாயிலிருந்து கதிரை அனுப்பி, உடம்பைத் தாண்டி வருவதைப் பிடிப்போம். அங்கே யாரும் அனுப்புவதில்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும் வாயு தானே எக்ஸ்ரேயை வீசுகிறது. கொத்திலுள்ள விண்மீன்கள் அத்தனையையும் சேர்த்தாலும் இந்த வாயுவின் எடைக்கு வராது. சாதாரணத் தொலைநோக்கியில் அந்த இடம் வெறும் இருட்டு.

பக்கத்துக் காவலூர் வானாய்வகத்தில் இவ்வளவு பெரிய தொலைநோக்கி இருந்தும் இந்த எக்ஸ்ரேயைப் பார்க்க முடியாது. எக்ஸ்ரேயைத் தடுக்க நாங்கள் போடும் ஏப்ரனில் அரை மில்லிமீட்டர் ஈயம்தான். தலைக்கு மேலிருக்கும் காற்றோ, எடையில் சுமார் 90 சென்டிமீட்டர் ஈயத்துக்குச் சமம். அப்புறம் எக்ஸ்ரே எப்படித் தரைக்கு இறங்கும்? அதனால்தான் எக்ஸ்ரேயைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிகளான சந்திரா 1999இலும், நம்முடைய அஸ்ட்ரோசாட் 2015இலும் மேலே போயின. சந்திரா என்பது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விண்ணியற்பியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்.

என்னை அசத்தியது இன்னொரு கணக்கு. நெஞ்சுப் படம் எடுக்க ஒரு விநாடிகூட வேண்டாம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி பட்டனை அழுத்தினால் முடிந்தது. முழு நிலவைவிடச் சிறிய ஒரு துண்டு வானத்தை, பல வருடங்களாக விட்டுவிட்டு மொத்தம் 70 லட்சம் விநாடி சந்திரா பார்த்திருக்கிறது. அதாவது 81 நாள்! கிடைத்தவை சுமார் ஆயிரம் புள்ளிகள். பெரும்பாலானவை தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே பொருளை விழுங்கும் கருந்துளைகள். இந்த வகையில் மிகப் பிரகாசமானவைதான் குவாசார்.

இனி இப்படிப் படம் போட்டால் எந்தக் கருவி, எவ்வளவு நேரம், எந்த நிறம் எந்தக் கதிர் என்று ஒரு வரி போடுங்கள். ஒரு படத்தில் எக்ஸ்ரே ரோஸாக இருக்கும், இன்னொன்றில் நீலமாக இருக்கும். இடது, வலது குறி இல்லாத ஃபிலிமை எந்த டாக்டரும் என்னிடம் வாங்கியதில்லை.

பேரன் நோட்டில் ஒட்டிய படத்துக்குக் கீழே நானே பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்கதிர் நுட்புநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.